ஈரல் சர்க்கரை

அன்று காலை நம் மருந்துக் கம்பெனி ஸ்டோரில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

மேனேஜர். முதலாளியின் மச்சான். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு ஸ்டூல் மேல் நின்றார். கீழே சேறு.

கெமிஸ்ட் ஹெலன் மேடம். சேலையூர்க்காரர். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம்.

ஏழுமலை. இரும்புலியூர்ப் பையன், வயது முப்பது. மருந்து கலக்கும் டேங்க் அவன் பொறுப்பு.

கஸ்தூரி அக்கா. பாட்டில் ரொப்புகிற பெண்களுக்குத் தலைவி. சேறு வார ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அப்புறம் நான், தாமோதரன். ஸ்டோர் ஆள். எட்டாவது பெயில்.

மேஜை மேல் நான்கு பிளாஸ்டிக் பைகள். அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஸ்டோருக்கும் மிக்சிங்குக்கும் புதிதாக வந்தவர்கள். போன ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். மாலை போட்டீர்கள். பொரி கொடுத்தீர்கள். அப்போது உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், மேஜையில் சிந்தியிருந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இனோசிட்டால் சார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பழைய ஆளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருப்பார். மற்றவர்களும் சிரித்தீர்கள். நான் பொரியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஏன் போனேன் என்று ஆள் அனுப்பிக் கேட்டீர்கள். இதுதான் பதில். எனக்குப் பேச வராது. எழுதவும் வராது. வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

இனோசிட்டால் என்றால் என்ன என்று உங்களுக்குப் படிப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஹெலன் மேடம் சொன்னார். வைட்டமின் மாதிரி, ஆனால் வைட்டமின் என்று சேர்ப்பதில்லை. சர்க்கரை ஜாதி. அரிசித் தவிட்டில் இருக்கிறது, கடலையில் இருக்கிறது, ஆட்டு ஈரலில் இருக்கிறது, நம் உடம்பிலேயும் இருக்கிறது. ஈரல் டானிக்கில் அதைப் போடுகிறோம்.

"தவுட்ல கீதுன்னா மாட்டுக்கு நம்மள விட ஈரல் நல்லா இருக்கும்னு சொல்லு," என்றார் கஸ்தூரி அக்கா.

"அதான் மாடு கிளினிக்ல வந்து குந்துறதில்ல," என்றான் ஏழுமலை.

எங்களுக்கு அது ஈரல் சர்க்கரை. வெள்ளையாக இருக்கும். தொட்டால் நறநற. நாக்கில் வைத்தால் இனிப்பு, வீட்டுச் சர்க்கரையில் பாதி. ரேஷனில் சர்க்கரை வராத மாதங்களில் டீக்கு அதைத்தான் போட்டோம். டிரம்மைத் திறந்ததும் விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பது ஸ்டோர் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார். நானும் செய்தேன். இங்கிலீஷ் லேபிள் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். நாக்கு சீக்கிரம் வரும். பத்து வருஷம் ஒரு தப்பும் வரவில்லை. தப்பு வராததற்குக் காரணம் லேபிள். அது ஒட்டியிருந்தது. நாக்கு சொன்னதை அது பின்னாலிருந்து சரிபார்த்துக்கொண்டே இருந்தது. நான் என் நாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்தது, ரோட்டுத் தண்ணீர் ஸ்டோருக்கு வந்தது. அப்போது சரக்கு அட்டை டிரம்மில் வரும், உள்ளே பிளாஸ்டிக் பை. தண்ணீர் வடிந்தபோது அட்டை கூழாகிக் கிடந்தது. லேபிள் கூழோடு போய்விட்டது. பைக்குள் தூள் மட்டும் காய்ந்தபடி இருந்தது. கூழுக்குள்ளிருந்து பைகளைத் தூக்கி மேஜையில் வைத்தேன். நான்கு பை. நான்கும் வெள்ளை.

மேடம் ரிஜிஸ்டரைப் பார்த்தார். அந்த மூலையில் நான்கு டிரம் இருந்ததாக எழுதியிருந்தது. இனோசிட்டால் இரண்டு. சோடியம் சிட்ரேட் ஒன்று. போரிக் ஆசிட் ஒன்று.

போரிக், வேர்க்குரு பவுடருக்கு வாங்கினது. வெயில் காலத்தில் மட்டும் அந்தப் பவுடர் போடுவோம். மீந்த சரக்கு அது. மேலுக்குப் பூசுகிற சரக்கைக் குடிக்கிற சரக்கோடு ஒரே ரூமில் வைக்கக் கூடாது. வைத்திருந்தோம். வேறு ரூம் இல்லை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வேறு ரூம் இருந்தது. அதில் அவர் ஸ்கூட்டர் நின்றது.

"நாலுலேயும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பிரலாம் சார். நாலு நாள்ல ரிப்போர்ட் வந்துரும்," என்றார் மேடம்.

"நாலு நாளா? மழைத்தண்ணி குடிச்சு தாம்பரம் முழுக்க மஞ்சக் காமாலை. டாக்டருங்க நம்ம டானிக்கத்தான் எழுதறாங்க. கடைக்காரன் போன் மேல போன் போடறான். நாலு நாள் கழிச்சு யாருக்கு விக்கிறது?"

"என்னன்னு தெரியாத பவுடரை டேங்க்ல எப்படி சார் போடறது?"

"தெரியாதுன்னு யார் சொன்னா?" மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "யோவ் தாமோதரா. நாக்கு இருக்கா, வெள்ளத்துல போயிருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சார், நாக்குல வெச்சுப் பாக்கறது டெஸ்ட் ஆகாது."

"மேடம், இவன் பத்து வருஷமா அத டீயில போட்டுக் குடிக்கிறான். உங்க லேப்ல கோட் போட்டுக்கிட்டு நிக்கிறவன் ஒரு நாள் குடிச்சிருப்பானா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். படித்தவர்கள் ரூமில் என் நாக்குக்கு மரியாதை. எனக்குத் தெரியும், இது சரியில்லை என்று. பெருமை வந்ததும் தெரிந்தது போய்விட்டது. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை முறுக்குகிறது. அந்த ஆள் நான்.

முதல் பையில் விரலை விட்டேன். நாக்கில் வைத்தேன். இனிப்பு.

"ஈரல் சக்கரை."

இரண்டாவது பையில் அதே விரல். நாக்கில் வைத்தேன். இனிப்பு, கொஞ்சம் மட்டாக.

"இதுவும் அதுதான்."

மூன்றாவது. உப்புக் கரித்தது.

"சிட்ரேட்."

நான்காவது பையைத் தொடவில்லை. இரண்டு ஈரல் சர்க்கரை வந்துவிட்டது. சிட்ரேட் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது போரிக். அது வாயில் வைக்கிற சரக்கில்லை. அவ்வளவு ஜாக்கிரதை எனக்கு.

"முடிஞ்சுதா?" என்று ஸ்டூலிலிருந்து இறங்கினார் மேனேஜர். "ரெண்டு நிமிஷம். இதுக்கு நாலு நாள் கேக்கறீங்க. கையெழுத்துப் போடுங்க மேடம்."

மேடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல, பர்மனென்ட் ஆக?" என்றார் மேனேஜர். குரல் உயரவில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். "தாமு அண்ணா, நிச்சயமா?"

"நிச்சயம் மேடம்."

அவர் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் கேட்டதற்காகப் போடவில்லை. நான் நிச்சயம் என்றதற்காகப் போட்டார்.

மத்தியானம் டேங்க் ஓடியது. முதல் பையைக் கொட்டினோம். பற்றவில்லை. இரண்டாவது பையை அவிழ்த்தோம். ஏழுமலை கையை விட்டு அள்ளினான். நின்றான்.

"இன்னாண்ணா இது, கையில நிக்க மாட்டேங்குது? வழுக்கிகினு போவுது."

"மழைக்காலம். ஈரமா இருக்கும்."

"ஈரம்னா ஒட்டணும். இது வழுக்குது."

"நீ கெமிஸ்டா? கொட்டு."

"நீதான் நாக்கு கெமிஸ்டு. எனக்கின்னா," என்று கொட்டினான்.

அவன் கைக்குத் தெரிந்தது. சொன்னான். நான் வாயை அடைத்தேன். காலையில் மேனேஜர் மேடத்துக்குச் செய்ததை மத்தியானம் நான் ஏழுமலைக்குச் செய்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. தானாக வந்தது.

நான்கு மணிக்கு முதல் பன்னிரண்டு டஜன் பாட்டில் ரொப்பி, லேபிள் ஒட்டி, கம்பெனி வேனில் மருந்துக்கடைகளுக்குப் போனது. மீதி டேங்கில் நின்றது. காலை எட்டு மணிக்கு அதை ரொப்புவதாக இருந்தது.

ஐந்தரைக்கு சைக்கிளை எடுத்தேன். கடப்பேரியில் ஒரு கேரம் கிளப் உண்டு. தினமும் நின்று பார்ப்பேன். அன்றும் நின்றேன். போர்டு மழை ஈரத்தில் இழுத்தது. ஆடிக்கொண்டிருந்தவன் டப்பாவை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, கொஞ்சம் பவுடர் தூவு. காயின் நவுரவே மாட்டேங்குது."

தூவினேன். உள்ளங்கையால் தேய்த்தேன். கை போர்டின் அந்த ஓரம் வரை தானாகப் போனது.

ஏழுமலை சொன்ன வழுக்கல்.

டப்பாவைத் திருப்பி எழுத்துக்கூட்டினேன். பி. ஓ. ஆர். ஐ. சி.

"இன்னா அண்ணே, டப்பாவப் பாத்துகினு நிக்கிறே? பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றான் ஒருவன். டப்பாவை அவன் மடியில் போட்டுவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பினேன்.

வாட்ச்மேனிடம் பை மறந்துவிட்டேன் என்று சொல்லி ஸ்டோருக்குள் போனேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாயை மூன்று தடவை கொப்பளித்தேன். காலையில் தொடாத நான்காவது பையில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன்.

இனிப்பு. நறநற.

மறுபடியும் கழுவினேன். இரண்டாவது பையின் அடியில் மிச்சம் இருந்ததை வைத்தேன். இனிப்பு இல்லை. லேசான கசப்பு. காலையில் அதில் இருந்த இனிப்பு முதல் பையின் இனிப்பு. என் விரலில் ஒட்டியிருந்தது. என் நாக்கில் ஒட்டியிருந்தது. நான் விரலைச் சட்டையில்கூடத் துடைக்கவில்லை.

மேனேஜர் ரூமில் லைட் எரிந்தது. போய்ச் சொன்னேன்.

"காலையில நிச்சயம்னியே?"

"ஆமா சார். தப்பாச் சொல்லிட்டேன். டேங்க்ல போரிக் போயிருக்கு."

"இப்ப சொல்றது சரின்னு நான் எப்படி நம்பறது? அதே நாக்குதானே?"

அதே நாக்குதான்.

"வூட்டுக்குப் போய்த் தூங்கு. காலைல எட்டு மணிக்கு லைன் ஓடும்."

வெளியே வந்து டேங்க் பக்கம் போனேன். அடி வால்வில் கை வைத்தேன். திறந்தால் எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். நீங்கள் திறந்திருப்பீர்கள். நானும் திறக்கத்தான் போனேன். கை நின்றது. டேங்க் காலியானால் அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. குடித்துவிட்டு வால்வைத் திறந்த ஸ்டோர் ஆள் என்று என்னை அனுப்பிவிடுவார்கள். கடைகளில் இருக்கிற பன்னிரண்டு டஜனைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. கோபத்தில் ஒரு வேலை செய்தால் கோபம் தீரும். பாட்டில் திரும்பி வராது. வால்வை விட்டுவிட்டுச் சேலையூருக்கு மிதித்தேன்.

மேடம் வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றேன். முடிந்து வந்தார். சொன்னேன். அவர் உட்காரவில்லை. அழவில்லை.

"உங்க நாக்கை நம்பி என் கையெழுத்து."

"ஆமா மேடம்."

"மஞ்சக் காமாலைக்கு அதைக் கைக்குழந்தைக்குக் கூடக் குடுப்பாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

"போரிக் குழந்தைங்களுக்கு என்ன பண்ணும் மேடம்?"

"வாந்தி. பேதி. வலிப்பு வரலாம். தினமும் ரெண்டு வேளை உள்ள போனா..." என்று நிறுத்தினார். "காலைல ஏழரைக்குக் கம்பெனில நிப்பேன். இனிமே எனக்கு உங்க நாக்கு வேண்டாம்."

மறுநாள் காலை ஏழரைக்கு அவர் பேக்கிங் ஹாலுக்கு வந்தார். கையில் ஒரு பீங்கான் கிண்ணம், ஸ்பிரிட் பாட்டில், தீப்பெட்டி. பெண்கள் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜரும் வந்துவிட்டார். மேடம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நான்காவது பையிலிருந்து ஒரு சிட்டிகை கிண்ணத்தில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். சாதாரண ஜுவாலை. கிண்ணத்தைக் கழுவித் துடைத்தார். ஆமாம், கழுவித் துடைத்தார். இரண்டாவது பையின் மிச்சத்தைப் போட்டு ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார்.

ஜுவாலையின் ஓரம் பச்சை. கிளிப்பச்சை.

"இதாண்ணா உன் ஈரல் சக்கரை," என்றான் ஏழுமலை மெதுவாக. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"போரிக் சார்," என்றார் மேடம். "காலேஜ்ல முதல் வருஷம் செய்யற டெஸ்ட். ரெண்டு நிமிஷம்."

அந்த ரெண்டு நிமிஷ டெஸ்டை முந்தின நாளே செய்திருக்கலாம். அவருக்கும் தோன்றவில்லை. நிச்சயம் என்று ஒருவன் அடித்துச் சொன்னால் மற்றவர்களின் மூளையும் நின்றுவிடுகிறது. இதை அவர்தான் பிறகு சொன்னார்.

மேனேஜர் ஜுவாலை அணையும் வரை பார்த்தார். பிறகு, "டேங்க் எவ்ளோ பெரிசு. கொஞ்சமா கலந்தது. கரைஞ்சு போயிருக்கும். பெரியவங்க குடிக்கிறதுதானே," என்றார்.

கஸ்தூரி அக்கா ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றார்.

"சார், என் பொண்ணோட கொயந்தைக்கு எட்டு மாசம். கண்ணு மஞ்சளாக் கீது. நேத்து டாக்டரு இந்த டானிக்கத்தான் எயுதிக் குடுத்தாரு. சாயந்தரம் வாங்கலாம்னு இருந்தேன்." பாட்டிலை நீட்டினார். "முதல் பாட்டில ரொப்பித் தரேன். உங்க வூட்டுக்கு எடுத்துகினு போங்க. உங்க கொயந்தைங்களுக்கு ரெண்டு வேளை குடுங்க. நாங்க சாயந்தரம் வரைக்கும் பாத்துட்டு மீதிய ரொப்புறோம்."

தொப்பியைக் கழற்றித் தரையில் உட்கார்ந்தார். பின்னால் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். சங்கம் கிடையாது. கொடி கிடையாது. யாரும் கோஷம் போடவில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

மேனேஜர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேடம் டேங்கிலிருந்து ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்து, அரக்கு வைத்து, தேதி போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டார். ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதினார். அதற்கப்புறம்தான் வால்வைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன்.

பிறகு கடைகள். வேன் தர முடியாது என்றார் மேனேஜர். கடைக்காரர்களிடம் லேபிள் தப்பு என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார். ஏழுமலையும் நானும் சைக்கிளில் போனோம். மேடம் பஸ்ஸில் மேடவாக்கம் போனார். அப்போது மேடவாக்கம் வயல். ஒரே ஒரு மருந்துக்கடை. மழையில் பஸ் பாதியில் நின்று, மிச்சத்தை நடந்து போய், இரண்டு டஜனையும் இடுப்பில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தார்.

முதல் கடையில் லேபிள் தப்பு என்று சொன்னேன்.

"லேபிள்தானே? ஒட்டிக்கினு வித்துக்கறேன். கஸ்டமர் கேக்கறாங்க," என்றார் கடைக்காரர். பாட்டிலைத் தர மாட்டேன் என்றார்.

அந்த நிமிஷம் முடிவு செய்தேன். "லேபிள் சரியாத்தான் இருக்கு சார். உள்ள சரக்கு தப்பு. குழந்தை குடிச்சா செத்துடும். தப்பு பண்ணது நான்."

அவர் பாட்டிலை எல்லாம் எடுத்து வைத்தார். கடைசிப் பாட்டிலை வைத்துவிட்டு என் முகத்தில் துப்புவது மாதிரி பார்த்தார். அதற்கப்புறம் எல்லாக் கடையிலும் அதையே சொன்னேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர் கைநீட்டி அடித்தார். வாங்கிக்கொண்டேன். பாட்டிலையும் வாங்கிக்கொண்டேன்.

விற்றுப்போன பாட்டில்களுக்குக் கடைக்காரர்களே தெரிந்த வரை வீடு சொன்னார்கள். கதவைத் தட்டித் தட்டிக் கேட்டோம். ஒரு வீட்டில் பாட்டிலைத் திறக்கவே இல்லை. ஒரு வீட்டில் இரண்டு ஸ்பூன் போயிருந்தது, பெரியவருக்கு. அவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு வீட்டில் பாட்டிலைத் தர மாட்டேன் என்று ஒரு அம்மாள் கத்தினார். காசு கொடுத்து வாங்கினது என்றார். ஏழுமலை காலில் விழுந்து வாங்கிவந்தான். தப்பு செய்யாதவன் அவன் ஒருவன்தான்.

திருநீர்மலை அடிவாரத்தில் கடைசிக் கடை.

"ஆறு வித்துச்சு," என்றார் கடைக்காரர்.

"யாரு வாங்கினாங்கன்னு தெரியுமா சார்?"

"கோயிலுக்கு வந்தவங்கப்பா. ஒரு அம்மா கைக்குழந்தைய வெச்சிருந்தாங்க. டாக்டர் சீட்டு இருந்துச்சு. குடுத்தேன்."

"எந்த ஊரு?"

"மலைக்கு வர்றவங்கள எந்த ஊர்னு கேட்டா விப்பாங்க?"

மலையைப் பார்த்தேன். படியில் ஜனங்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். படிக்கட்டின் அடியில் நின்று ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்தோம். எதற்குப் பார்த்தோம் என்று தெரியாது. நேற்று வந்தவர்கள் இன்று இருக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் நின்றோம்.

பேப்பரில் போடலாம் என்றார் மேடம். மேனேஜர் மறுத்தார். கம்பெனி மூடினால் நீங்கள் எல்லாரும் தெருவில் நிற்பீர்கள் என்றார். மேடம் அரக்கு வைத்த சாம்பிளோடு மருந்து இன்ஸ்பெக்டருக்குத் தன் பெயரில் கடிதம் எழுதினார். அவர் வந்தார். பார்த்தார். மேலுக்குப் பூசுகிற சரக்குக்குத் தனி ரூம் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். ஸ்கூட்டர் வெளியே வந்தது. நீங்கள் இன்று பவுடர் சரக்கு வைக்கிற ரூம் அதுதான்.

ஆறாவது மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது மேடத்தை நிறுத்தினார்கள். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று காரணம். அது உண்மைதான். அந்த உண்மையை அவர் ஒருவர் மேல் எழுதினார்கள்.

என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு பேப்பரை நீட்டினார் மேனேஜர்.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"நாலு பையை மேஜை மேல எடுத்து வெச்சேன்னு எழுதியிருக்கு. வெச்சியா இல்லியா?"

"வெச்சேன்."

"அவ்ளோதான். போடு."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. நாக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். கையெழுத்துப் போட்டேன். மேடம் போகும்போது கேட்டில் நின்றிருந்தேன். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஏழுமலையிடம், "உங்க கை சொன்னதை நீங்க விட்டிருக்கக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில்வே கேட் பக்கம் நடந்தார். அதற்கப்புறம் அந்த ஸ்டோரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மாலை போட்டு அனுப்பினார்கள்.

கோபம் யார் மேல் என்று கேட்பீர்கள். மேனேஜர் மேல், ஆமாம். அவர் இறந்துவிட்டார். அவரோடு அது போகவில்லை. பூஜையன்று விரலை நக்கினவர் மேலும்தான். அவர் விரலைப் பார்த்தபோது என் விரல் தெரிந்தது.

உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான். லேபிள் போன சரக்குக்குப் பெயர் வைக்காதீர்கள். நான்கு பை என்றால் நான்கும் லேபுக்குப் போகட்டும். நிச்சயமா என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையைச் சொல்ல எட்டாவது பாஸ் பண்ண வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவன் கை வழுக்குகிறது என்றால் டேங்கை நிறுத்துங்கள். நாக்கை டீக்கு வைத்துக்கொள்ளுங்கள். டீக்குச் சர்க்கரையைக் கடையில் வாங்குங்கள்.

ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கஸ்தூரி அக்காவும் ஏழுமலையும் கூட நின்று எண்ணினார்கள். கடைக்குப் போனது நூற்று நாற்பத்து நான்கு பாட்டில். கடைகளிலிருந்து வந்தது நூற்று இருபத்தைந்து. வீடுகளிலிருந்து வந்தது ஆறு.

வராதது பதின்மூன்று.